அடுத்தவர் வீட்டு சோஃபாவில் தூங்கும் பிள்ளைக்குக் கல்லூரிப் பணம்

கேள்வி: என் மகனோடு படிக்கும் பையன் செப்டம்பரிலிருந்து எங்கள் வீட்டு பேஸ்மென்ட்டில் தங்கியிருக்கிறான். வயது 17, அமெரிக்கக் குடிமகன். அம்மாவின் இரண்டாவது கணவர் வெளியே போகச் சொல்லிவிட்டார். அம்மா போனை எடுப்பதில்லை. கல்லூரி நிதியுதவிக்கு நிரப்ப வேண்டிய ஃபாஃப்சா படிவத்தில் பெற்றோர் வருமானம் கேட்கிறார்கள். எங்கள் வருமானத்தைக் கொடுக்கலாமா? அவன் தெருவில் இல்லை, எங்களோடுதான் இருக்கிறான் என்பதால் 'ஹோம்லெஸ்' என்று சொல்லவும் தயங்குகிறோம்.
– பெயர் வேண்டாம், எல்லிகாட் சிட்டி, மேரிலாண்ட்

பதில்: உங்கள் வருமானத்தைக் கொடுக்காதீர்கள். எவ்வளவு பாசமாக வைத்திருந்தாலும் அந்தப் படிவத்தைப் பொறுத்தவரை நீங்கள் அவனுக்குப் பெற்றோர் இல்லை. தத்தெடுத்திருந்தால்தான் கதை வேறு. உங்கள் இருவர் சம்பளத்தை அங்கே எழுதினால், மத்திய அரசிடமிருந்து அவனுக்கு நியாயமாக வர வேண்டிய பெல் கிரான்ட் என்ற உதவித்தொகை வராமல் போய்விடும். 2025-26 கல்வியாண்டில் அது அதிகபட்சம் 7,395 டாலர், திருப்பிக் கட்ட வேண்டாத பணம்.

'ஹோம்லெஸ்' என்று சொல்லத் தயங்கவும் வேண்டாம். வீடற்றோருக்கு உதவ 1987-ல் வந்த மெகின்னி-வென்டோ சட்டம் ஒருவருக்கு நிலையான, வழக்கமான, போதுமான இரவுத் தங்குமிடம் இருக்கிறதா என்றுதான் பார்க்கிறது. ஷெல்டர், கார், மோட்டல் மட்டுமல்ல, சொந்த வீட்டை இழந்து வேறு வழியில்லாமல் அடுத்தவர் வீட்டில் ஒண்டியிருப்பதும் அதில் அடங்கும். நாளைக்கே உங்களுக்கு வேலை மாறி டெக்சாஸ் போக நேர்ந்தால் அந்தப் பையன் எங்கே போவான்? நீங்கள் நல்ல மனதோடு இடம் கொடுத்திருக்கிறீர்கள். ஆனால் அந்த வீட்டில் இருக்க அவனுக்கு உரிமை என்று ஒன்றும் கிடையாது.

இப்படிப் பெற்றோர் துணையில்லாத வீடற்ற பிள்ளைகளை 'இன்டிபென்டென்ட்' மாணவர்களாக நடத்த வேண்டும் என்று 2007-ல் சட்டம் வந்தது. அதாவது பெற்றோரின் வருமானம் வேண்டாம், கையெழுத்து வேண்டாம். மாணவரின் சொந்த வருமானத்தை மட்டும் பார்ப்பார்கள். மளிகைக் கடையில் வாரத்துக்குச் சில மணி நேரம் வேலை பார்க்கும் பையனுக்குப் பெல் கிரான்ட் பெரும்பாலும் முழுதாகவே கிடைக்கும்.

நான் மேரிலாண்டில் ஒரு சமுதாயக் கல்லூரியின் நிதியுதவி அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். பிள்ளைகள் எந்தப் பக்கத்தில் வந்து நிற்பார்கள் என்று எனக்கு மனப்பாடம். அம்மா அல்லது அப்பாவின் பிறந்த தேதியும் மின்னஞ்சலும் கேட்கும் பக்கம் அது. ஒரு பெண் என் எதிரே உட்கார்ந்து அந்த இடத்தில் அப்படியே நின்றுவிட்டாள். முதுகுப்பையைக் கீழே வைக்கவில்லை, மடியிலேயே வைத்திருந்தாள். உள்ளே சார்ஜர், டூத் பிரஷ், சான்ட்விச் கடை யூனிஃபார்ம், பிளாஸ்டிக் உறையில் பிறப்புச் சான்றிதழ். "அம்மா மெயில் ஐடி தெரியாது, அதனால் நான் காலேஜில் சேர முடியாது, இல்லையா?" என்று கேட்டாள். மாசக்கணக்காக அப்படியே நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள். அவளுக்கு அந்தப் பக்கமே தேவையில்லை என்று பள்ளியில் ஒருவராவது சொல்லியிருக்கலாம். இன்றைக்கும் எனக்கு ஆற்றாமையாகத்தான் இருக்கிறது.

அதனால் இந்த வாரமே ஒரு காரியம் செய்யுங்கள். அமெரிக்காவில் ஒவ்வொரு பள்ளி மாவட்டத்திலும் வீடற்ற மாணவர்களுக்கென்று ஒரு பொறுப்பாளர் இருந்தே ஆக வேண்டும் என்பது சட்டம். பள்ளி அலுவலகத்தில் 'ஹோம்லெஸ் லியேசான்' என்று கேட்டால் ஆளைக் காட்டுவார்கள். அவரிடமிருந்து, இவன் துணையில்லாத வீடற்ற மாணவன் என்று ஒரு கடிதம் வாங்குங்கள். பள்ளி முடிவதற்குள் வாங்குவதுதான் முக்கியம். ஜூனுக்குப் பிறகு ஆளைப் பிடிப்பது கஷ்டம். ஷெல்டர் இயக்குநர், வசதி குறைந்த மாணவர்களைக் கல்லூரிக்குத் தயார்படுத்தும் ட்ரியோ அல்லது கியர் அப் திட்டத்தின் இயக்குநர் கொடுக்கும் கடிதமும் செல்லும். எதுவுமே இல்லையென்றால் கல்லூரியின் நிதியுதவி அலுவலகமே மாணவனோடு பேசி, அந்தப் பேச்சைப் பதிவு செய்து முடிவெடுக்கலாம். ஆனால் கையில் கடிதத்தோடு வருகிற பிள்ளை தன் கதையைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்காது.

அப்புறம், மேரிலாண்டில் இருப்பது அவனுக்கு இன்னொரு வகையில் நல்லது. இங்கே அரசுக் கல்லூரிகளில் இத்தகைய மாணவர்களுக்கு டியூஷன் கட்டணமே தள்ளுபடி. ஃபுளோரிடாவிலும் அரசுக் கல்லூரிகளில் அப்படி ஒரு விலக்கு உண்டு. அறை வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் இந்தத் தள்ளுபடி பொருந்தாது, அதற்குத்தான் பெல் பணம். ஃபாஃப்சா வழக்கமாக அக்டோபர் 1-ல் திறக்கும். நிரப்பச் சோஷியல் செக்யூரிட்டி எண் வேண்டும். அட்டை அம்மா வீட்டில் மாட்டிக்கொண்டிருந்தால் முதலில் அதற்கு வழி பாருங்கள்.

கேள்வி: எனக்கு 19 வயது, குடியுரிமை இருக்கிறது. அப்பா அடிப்பார். இந்தக் கோடையில் வீட்டை விட்டு வந்துவிட்டேன். இப்போது டார்மில் (கல்லூரி விடுதியில்) இருக்கிறேன். "திரும்பி வா, ஃபீஸ் கட்டுகிறேன், இல்லையென்றால் டாக்ஸ் விவரம் தரமாட்டேன்" என்கிறார். போக இடம் இருக்கிறது, அதனால் நான் வீடற்றவள் இல்லை என்று ஆகிவிடுமா?
– ஒரு மாணவி, நியூ ஜெர்சி

பதில்: என் மகள் வயது உனக்கு, 'நீ' என்றே எழுதுகிறேன். முதலில், உனக்கு ஆபத்து என்று தோன்றினால் கல்லூரிக் காவலரிடமோ கவுன்சிலரிடமோ இன்றே சொல்.

அடிக்குப் பயந்து வெளியே வந்த பிள்ளையை, அப்பா வீட்டில் ஒரு படுக்கை காலியாக இருக்கிறது என்பதற்காகத் திருப்பி அனுப்பச் சொல்லி எந்த விதியும் இல்லை. பெற்றோர் இடம் தரத் தயாராக இருந்தாலும், கொடுமையிலிருந்து தப்பி வந்தவரை வீடற்றவராகக் கருதலாம். டார்மில் இருப்பதும் தடையில்லை. டார்ம் இல்லாவிட்டால் உனக்குப் போக்கிடம் உண்டா என்பதுதான் கேள்வி.

நீ ஏன் வெளியே வந்தாய் என்ற காரணத்தை வைத்து, நீ வீடற்றவளா இல்லையா என்று முடிவு செய்யக் கூடாது என்று 2020 டிசம்பரில் நிறைவேறிய ஃபாஃப்சா எளிமைப்படுத்தும் சட்டம் சொல்கிறது. காதல், மதம், சண்டை, எதுவாக இருந்தாலும் சரி. "நான் தனியாக இருக்கிறேன், நிலையான தங்குமிடம் இல்லை, எனக்கு டிட்டர்மினேஷன் வேண்டும்" என்று நிதியுதவி அலுவலகத்தில் கேள். நீ துணையில்லாத வீடற்ற மாணவி என்ற அதிகாரபூர்வ முடிவுக்குத்தான் அந்தப் பெயர். ஒருமுறை அப்படி முடிவாகிவிட்டால், அதே கல்லூரியில் அடுத்தடுத்த வருடங்களுக்கும் அதையே எடுத்துக்கொள்ள வேண்டும், உன் நிலைமை மாறினாலோ முரணான தகவல் வந்தாலோ தவிர.

ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்கிறேன். அப்பா பணம் தர மறுக்கிறார், டாக்ஸ் விவரம் தரவில்லை என்பதை மட்டும் சொன்னால் போதாது. அந்த இரண்டையும் காரணமாக ஏற்கமாட்டார்கள், பெற்றோர் விவரம் இல்லாதவர்களுக்கான வட்டி ஓடும் லோனை மட்டும் காட்டி அனுப்பிவிடுவார்கள். அடி பற்றியும், தங்க இடமில்லாதது பற்றியும் பேசு. குடும்ப மானம் போகும் என்று நம் பிள்ளைகள் இந்த இடத்தில்தான் வாயை மூடிக்கொள்கிறார்கள். நீ மூடாதே.

கேள்வி: எங்கள் தமிழ்ப் பள்ளி நண்பர்கள் சேர்ந்து இப்படி ஒரு மாணவருக்குப் பணம் திரட்டியிருக்கிறோம். கல்லூரிக்கே காசோலை அனுப்பலாமா?
– வாசகர், வர்ஜீனியா

பதில்: நல்ல காரியம். ஆனால் அனுப்புவதற்கு முன்னால் அந்த மாணவரை நிதியுதவி அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்கச் சொல்லுங்கள். வெளியிலிருந்து வரும் உதவித்தொகையைக் கணக்கில் சேர்த்து, கல்லூரி தன் பங்கைக் குறைத்துவிடுவதுண்டு. டியூஷன் கட்டணம் ஏற்கெனவே தீர்ந்திருந்தால் உங்கள் பணம் அங்கே போவதில் பயனில்லை.

பிள்ளைகள் உண்மையில் திணறுவது குளிர்கால விடுமுறையில்தான். டிசம்பர் நடுவில் பல டார்ம்களைப் பூட்டிவிடுவார்கள், மெஸ்ஸும் அதோடு நின்றுவிடும். மற்ற பிள்ளைகள் பெட்டியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகும்போது இவர்கள் மறுபடியும் சோஃபா தேட வேண்டும். நவம்பர் முதல் வாரத்திலேயே, விடுமுறையில் தங்க அனுமதி உண்டா என்று ஹவுசிங் அலுவலகத்தில் கேட்கச் சொல்லுங்கள். இல்லை என்றால் உங்களில் யாராவது ஒருவர் அந்த ஒரு மாதத்துக்கு அறை கொடுங்கள். திரட்டிய பணத்தை மளிகைக் கடை கார்டாகவும் பஸ் பாஸாகவும் அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.