1024-க்குக் கீழே: லினக்ஸ் ஆர்பிசி போர்ட் கேள்வி பதில்

திருவொற்றியூர், கன்டெய்னர் யார்டு: அண்ணா, கரண்ட் போய் சர்வர் மறுபடி எழுந்தால் சில நாள் மட்டும் பிரிண்டர் சேவையான கப்ஸ் வருவதில்லை. அதன் போர்ட் 631 ஏற்கெனவே பிடிபட்டிருக்கிறது என்கிறது. யார் பிடிப்பது?

பெரும்பாலும் ஆர்பிசி சேவை (வேறு கணினிகள் வலைவழியே கூப்பிடும் நிரல்) ஏதோ ஒன்று, தம்பி. ரூட்டாக, அதாவது முழு அதிகாரத்தோடு ஓடும் ஆர்பிசி நிரலுக்கு இன்ன போர்ட் என்று சொல்லி வைக்காவிட்டால், அது ரூட்டுக்கு மட்டுமான, 1024-க்குக் கீழுள்ள போர்ட் ஒன்றைப் பிடிக்க பைண்ட்ரெஸ்வ்போர்ட் என்ற நூலகச் செயல்பாட்டைக் கூப்பிடும். அது 600 முதல் 1023 வரை காலியானதைத் தேடும். தேடலை எங்கே தொடங்குவது என்பதை நிரலின் பிராசஸ் எண்ணை வைத்துக் கணக்கிடும். ஒவ்வொரு முறை சர்வர் பூட் ஆகும்போதும் அந்த எண் மாறும், அதனால்தான் சில நாள் மட்டும் சிக்கல். ஆர்பிசிஇன்ஃபோ கட்டளையை ஓட்டி 631-இல் யார் பதிவாகியிருக்கிறார் என்று பாருங்கள். அந்தச் சேவைக்கு நிலையான எண் கொடுங்கள். சூசே லினக்ஸ் என்றால் பைண்ட்ரெஸ்வ்போர்ட் பிளாக்லிஸ்ட் கோப்பில் 631-ஐச் சேர்த்தால் போதும். மற்றவற்றில் கப்ஸின் சிஸ்டம்டி சாக்கெட் கோப்பில் 631-ஐயும் சேர்த்து அதை இயக்குங்கள். பூட் ஆகத் தொடங்கும்போதே போர்ட் பிடிக்கப்பட்டுவிடும்.

அப்புறம், எந்த ஆர்பிசி சேவை எந்த போர்ட்டில் என்று சொல்லும் 111-ஐ இணையத்துக்குத் திறக்காதீர்கள்.

வியாசர்பாடி: கர்னலில் ஐபி லோக்கல் ரிசர்வ்டு போர்ட்ஸில் 631 போட்டால் தீராதா?

தீராது. அது கர்னல் தானாக எண் ஒதுக்கும்போது மட்டும்தான். பைண்ட்ரெஸ்வ்போர்ட் எண்ணைச் சொல்லியே கேட்கிறது.

பெரம்பூர், கல்லூரி லேப்: கோப்பு நகலெடுக்கும் ஆர்சிங்கின் போர்ட் 873 பிடிபட்டிருக்கிறது, ஆனால் போர்ட்களைக் காட்டும் எஸ்எஸ் கட்டளையில் பிராசஸ் பெயரே இல்லை. யாராவது உள்ளே புகுந்துவிட்டார்களா?

பதற வேண்டாம், மேடம். அங்கே என்எஃப்எஸ் மவுன்ட் (வேறு சர்வரின் கோப்புகளை வலைவழியே இணைப்பது) இருக்கும். அந்த சாக்கெட் கர்னலுடையது, அதனால்தான் பெயர் இல்லை. இயல்பாக 665 முதல் 1023 வரை எடுக்கும். கர்னலின் சன்ஆர்பிசி அமைப்பில் தொடக்க எண்ணான மின்_ரெஸ்வ்போர்ட்டை (min_resvport) 874 ஆக்கிவிட்டு மறுபடி மவுன்ட் செய்யுங்கள்.

கொளத்தூர்: 1024-க்குக் கீழ் எண் வேண்டாம் என்னும் நோரெஸ்வ்போர்ட் போட்டு மவுன்ட் செய்து, சர்வரில் இன்செக்யூர் என்று எழுதிவிட்டால் இந்தத் தொல்லையே இல்லையே?

இல்லைதான். தாராளமாகச் செய்யலாம்.

கொருக்குப்பேட்டை: சார், இப்படிச் சொல்லலாமா? பாதுகாப்பைக் கழற்றச் சொல்கிறீர்கள்.

இன்செக்யூர் எழுதினால் நீங்கும் செக்யூர் என்ற அந்த அமைப்பு பார்ப்பது ஒன்றே ஒன்று: கேட்பவரின் போர்ட் 1024-க்குக் கீழா. ஒரு யூனிக்ஸ் இயந்திரத்தில் ரூட் நிர்வாகியிடம் மட்டும் இருந்த காலத்தில் அதற்கு அர்த்தம் இருந்தது. இன்று லேப்டாப் வைத்திருப்பவர் எல்லாம் அதில் ரூட். 4.11 கர்னலிலிருந்து 1024 என்ற எல்லையையே ஒரு சிஸ்கண்ட்ரோல் வரியில் மாற்றலாம்.

கொருக்குப்பேட்டை: எங்கள் லேபில் மாணவர்களுக்கு ரூட் கிடையாது.

சரி, அங்கே அது உதவும். ஒரு மாணவர் தானே நிரல் எழுதி வேறொருவரின் பயனர் எண்ணைப் போட்டு சர்வரிடம் பேச முடியாது. அதை ஒத்துக்கொள்கிறேன், உங்கள் லேபில் செக்யூரை எடுக்காதீர்கள். ஆனால் அதே சுவர் சாக்கெட்டில் அவர் தன் லேப்டாப்பைச் செருகினால்? ஆள் யார் என்று உறுதிசெய்யும் கெர்பரோஸ் இல்லாமல் சர்வர் அவரை நம்பிவிடும். பயனர் எண்ணை நம்பும் வரை போர்ட் எண் காப்பாற்றாது.

தண்டையார்பேட்டை: 631 பிடிபட்டிருக்கிறது, என்ன செய்ய?

முதல் பதில்.

மணலி: 631...

முதல் பதில்தான், தம்பி. தயவுசெய்து மேலே படியுங்கள்.

ராயபுரம்: ஃபயர்வாலில் எந்த போர்ட்களைத் திறக்க?

என்எஃப்எஸ் 4 மட்டும் என்றால் 2049 போதும். 3 என்றால் அதன் துணைச் சேவைகளான மவுன்ட்டி, ஸ்டாட்டி, லாக்டி மூன்றுக்கும் என்எஃப்எஸ் கான்ஃப் கோப்பில் எண் எழுதிவிட்டு அவற்றையும், 111, 2049-ஐயும் திறங்கள், அலுவலகத்துக்குள் மட்டும். வெளியே திறந்த 111 மற்றவர்மீது வெள்ளத் தாக்குதல் நடத்தப் பயன்படும். சின்ன யூடிபி கேள்விக்குப் பெரிய பதிலை, கேட்பவர் போலியாகப் போட்ட முகவரிக்கு, அதாவது தாக்கப்படுபவருக்கு அனுப்பிவிடும்.