கிரயமா, குத்தகையா?

கேள்வி: நானே எழுதி, மெட்டமைத்துப் பாடிய 11 பாடல்கள் கைவசம் உள்ளன. சென்னை நிறுவனம் ஒன்று ஆல்பமாக வெளியிட முன்வந்திருக்கிறது. தயாரிப்புச் செலவு 3 லட்சம் ரூபாயை நான் கட்ட வேண்டும். அப்பா ஒரு மா நிலத்தை விற்றுத் தருவதாகச் சொல்கிறார். நான்கு பாடல்களுக்கு வலங்கைமான் நண்பர் ஒருவர் மெட்டில் உதவினார். ஒப்பந்த நகலையும் இரண்டு பாடல்களையும் அனுப்பியிருக்கிறேன். முதல் ஆல்பத்துக்கு இது சரியான வழிதானா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், நீடாமங்கலம்

பதில்: நிலத்தை விற்க வேண்டாம். இதை முதலில் அப்பாவிடம் சொல்லிவிட்டு வந்து மீதியைப் படியுங்கள்.

நீங்கள் அனுப்பிய ஒப்பந்தத்தை நீங்களே படித்தீர்களா என்று சந்தேகமாக இருக்கிறது. வரிகள், மெட்டு, ஒலிப்பதிவு ஆகிய மூன்றின் உரிமையும் ‘நிரந்தரமாக, உலகம் முழுவதற்கும்’ நிறுவனத்துக்குப் போகிறது. செலவு மட்டும் உங்களுடையது. நாற்றங்கால் முதல் கதிர் அறுப்புக் கூலி வரை கைக்காசு போட்டுவிட்டு, நெல்லைக் களத்திலேயே அளந்து கொடுத்து, போதாததற்கு வயலையும் கிரயம் எழுதித் தருகிறவரை நீடாமங்கலத்தில் என்ன சொல்வார்கள்? குத்தகைக்கு விடுவது வேறு. அதற்குக் கெடு உண்டு, நெல் உங்கள் வீட்டுக்கும் வரும்.

சட்டம் உங்களைக் கைவிடவில்லை. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் வந்த திருத்தத்தின்படி, வரி எழுதியவரும் மெட்டமைத்தவரும் ராயல்டியில் தமக்குரிய சரிபாதியை நிறுவனத்துக்கு விட்டுக்கொடுக்க முடியாது. வாரிசுக்கோ, படைப்பாளிகளுக்காக ராயல்டியை வசூலித்துப் பிரித்துத் தரும் பதிப்புரிமைச் சங்கத்துக்கோதான் தரலாம். உரிமை மாற்றத்துக்குக் காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு, எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. ‘நிரந்தரமாக’, ‘உலகம் முழுவதற்கும்’ என்ற சொற்களை அவர்கள் மறக்காமல் போட்டிருப்பதன் காரணம் இப்போது புரிகிறதா? ஒலிப்பதிவு தனிச் சொத்து. அதன் தயாரிப்பாளர் யாரோ அவரே உரிமையாளர். உங்கள் பணத்தில் பதிவு நடக்குமானால், அந்த இடத்தில் உங்கள் பெயர் இருக்க வேண்டும்.

இனி பாடல்கள். முதல் பாடல் ஸ்டூடியோவில் பதிந்தது. எதிரொலியைக் கொட்டிக் கவிழ்த்திருக்கிறார்கள். உங்கள் குரல் கிணற்றுக்குள் விழுந்த வாளி போலக் கேட்கிறது. இரண்டாவது, மோட்டார் கொட்டகையில் கைப்பேசியில் பதிந்தது. இரண்டாம் சரணத்தில் மும்முனை மின்சாரம் வந்து மோட்டார் உறுமத் தொடங்குகிறது. நீங்கள் நிறுத்தவில்லை, குரலைச் சற்று ஏற்றி, அந்த உறுமலையே சுருதியாகப் பிடித்துக்கொண்டு பாடி முடிக்கிறீர்கள். மூன்று முறை கேட்டேன். (எங்கள் உதவி ஆசிரியர் நான்கு முறை என்கிறார்.)

இந்தத் தரத்தில் 11 பாடல்களும் இருக்கின்றனவா? இருக்காது என்றே நினைக்கிறேன். கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரம் ஊர் ஊராகக் கதாகாலட்சேபத்தில் ஒலித்த பிறகுதான் அச்சேறியது. பாட்டின் எந்த இடத்தில் ஆட்கள் எழுந்து போகிறார்கள் என்பதை எந்த ஸ்டூடியோவும் சொல்லித்தராது. கோயில் திருவிழா மேடையோ கல்லூரி விழாவோ, எங்கே இடம் கொடுத்தாலும் பாடுங்கள். தேறுகிற நாலைந்தை மட்டும் கும்பகோணத்திலோ தஞ்சாவூரிலோ அடக்கமான செலவில் பதிந்து, ஒவ்வொன்றாக வெளியிடுங்கள். ஸ்பாட்டிஃபையில் 12 மாதத்துக்குள் 1,000 முறையாவது கேட்கப்படாத பாடலுக்குக் காசே கிடையாது. பதினொன்றையும் ஒரே நாளில் இறக்கிவிட்டால் எத்தனை அந்தக் கோட்டைத் தாண்டும்?

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது வேறொன்று. முதல் வரியில் ‘நானே மெட்டமைத்து’ என்கிறீர்கள். நாலு வரி தள்ளி ஒரு நண்பர் ‘உதவினார்’ என்று வருகிறது. சீர்காழி அருணாசலக் கவிராயரின் இராம நாடகக் கீர்த்தனைகளுக்குச் சட்டநாதபுரம் வெங்கடராமய்யரும் கோதண்டராமய்யரும் மெட்டமைத்தார்கள். இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்த இருவர் பெயரும் கவிராயர் பெயரோடு சேர்ந்தே சொல்லப்படுகிறது. சென்னை நிறுவனம் உங்களைச் செய்யப் பார்ப்பதை நீங்கள் வலங்கைமானில் ஏற்கெனவே செய்துவிட்டீர்களோ என்று அஞ்சுகிறேன். உதவி என்றால் ஒரு வரியைப் பாடும் விதத்தில் ஒரு சங்கதியைத் திருத்தினாரா, பல்லவியிலிருந்தே போட்டுக் கொடுத்தாரா? அவரோடு உட்கார்ந்து பேசி, எந்தப் பாடலில் யாருக்கு எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள்.

அப்படியே எனக்கும் ஒரு வரி எழுதிப் போடுங்கள்: அந்த மோட்டார் கொட்டகைப் பாட்டின் மெட்டு யாருடையது?