வெப்சைட் வேலைக்குக் கொட்டேஷனை எழுதித்தான் கொடுக்க வேண்டுமா?

ஃபோனிலேயே ரேட் சொன்னால் போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு துணிக்கடைக்கு 25,000 என்று வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டு நான் பட்டது போதும். ஐந்து பக்கம் என்று பேசிய வேலை; கடைசியில் 300 புடவைப் படங்களையும் நானே ஏற்றினேன்.

தொகையைவிட, அதில் என்ன அடங்கும், என்ன அடங்காது என்பதுதான் முக்கியம். எத்தனை பக்கம், படங்களை யார் தருவது, எத்தனை முறை திருத்தம் என்று எழுதுங்கள். டொமைன் (வெப்சைட்டின் பெயர் முகவரி), ஹோஸ்டிங் (வெப்சைட்டை இணையத்தில் வைத்திருக்கும் இடம்) இரண்டையும் வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். அதைத் தனி வரியாகக் காட்டாவிட்டால் அடுத்த வருடம், "அதான் அப்பவே காசு கொடுத்தேனே தம்பி" என்பார் கடைக்காரர். ஜிஎஸ்டி பதிவு இருந்தால் 18 சதவீதம் தனி என்று போடுங்கள். பதிவு இல்லாமல் வரி வசூலிக்கக் கூடாது.

பிடிஎஃப்பாக வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். விலை எந்தத் தேதி வரை செல்லும் என்பதும் அதில் இருக்கட்டும். அப்புறம் மதியம் கூட்டம் குறைந்த நேரத்தில் நேரில் போய் வரி வரியாகப் படித்துக் காட்டுங்கள். பேரம் பேசுவார். சரி, பேசட்டும், விலையைக் குறைத்தால் ஒரு பக்கத்தையும் குறையுங்கள். பாதி முன்பணம் வந்த பிறகு வேலையைத் தொடங்கினால் போதும்.