பீர்க்கு நெற்றின் நுனியில் ஓட்டை: மருந்து அடிக்க வேண்டுமா?

கேள்வி: விதைக்காக இரண்டு பீர்க்கங்காய்களைப் பறிக்காமல் கொடியிலேயே விட்டிருந்தேன். காய்ந்த ஒன்றின் அடியில் வட்டமாக ஓட்டை விழுந்திருக்கிறது. பாதி விதையைக் காணோம். பூச்சி குடைந்துவிட்டதா? மீதியை விதைக்கலாமா? இன்னொரு காய் இப்போதுதான் மஞ்சளாகிறது, அதற்கு மருந்து அடிக்கவா?

பதில்: மருந்தைத் தொடாதீர்கள். அது பூச்சி வேலை இல்லை, விதையை வெளியே விட பீர்க்கே திறந்துகொண்ட வாய்.

காயின் கீழ்நுனியில், பூ ஒட்டியிருந்த இடத்தில், ஒரு சின்ன மூடி உண்டு. தாவரவியலில் ஒபர்குலம் என்பார்கள். காய் பச்சையாக இருக்கும்வரை மூடி எது, தோல் எது என்று பிரித்துச் சொல்ல முடியாது. முற்றிக் காயும்போது மூடியைச் சுற்றியுள்ள திசு விட்டுப்போய் மூடி கழன்று விழுகிறது. உள்ளே நார்க்கூடு, அதில் நீளவாக்கில் அறைகள். நெற்று தலைகீழாகத் தொங்குவதால், காற்றில் ஆட ஆட, உப்புக்குப்பியைத் தட்டியதுபோல விதை கொஞ்சம் கொஞ்சமாக உதிரும். உங்களுக்குக் காணாமல் போன பாதி கொடிக்கு அடியில்தான் கிடக்கும், தேடிப் பாருங்கள்.

பூசணிக் குடும்பத்துக் கனிகள் தானாகத் திறக்காது என்று பாடப்புத்தகங்கள் ஒரே வரியில் முடித்துவிடுகின்றன. அதை மனப்பாடம் செய்துவிட்டு ஆலோசனை சொல்ல வருகிறவர்கள், ஓட்டையைக் கண்டதும் எந்த மருந்து என்று எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். காயைக் கையில் வாங்கிப் பார்க்கக்கூட நேரமில்லை. பழ ஈ முட்டையிடுவது பிஞ்சுக் காயில். குத்திய இடத்தில் பிசின் கசியும், காய் கோணும், அழுகும். காய்ந்த நெற்றில், சரியாக நுனியில், வட்டமாக இருக்கும் திறப்புக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

மீதி விதையைத் தாராளமாக விதைக்கலாம். சொல்லப்போனால் தானாகத் திறந்த நெற்றின் விதைதான் நன்றாக முற்றிய விதை. கறுப்பாக, கெட்டியாக இருப்பதை எடுத்துக்கொண்டு, நகத்தால் அழுத்தினால் நசுங்குவதைத் தள்ளிவிடுங்கள். தண்ணீரில் போட்டு மிதப்பதை எல்லாம் வீசும் பழக்கம் வேண்டாம். நன்கு காய்ந்த நல்ல விதையும் சில சமயம் மிதக்கும். சந்தேகம் இருந்தால் பத்து விதையை ஈரத்துணியில் சுற்றி வெதுவெதுப்பான இடத்தில் வைத்துப் பாருங்கள். பத்து நாளில் ஏழெட்டு முளைத்தால் போதும்.

விதை குறைந்துவிட்டதே என்று வெளியே வாங்கப் போகிறீர்கள் என்றால், கொஞ்சம் நில்லுங்கள். கறிக்கு ஆகாமல் முற்றிப்போன காய்களை மலிவாக வாரி, அரைகுறையாக முற்றிய விதையைப் பிதுக்கி எடுத்து, 'நாட்டு விதை' என்று பொட்டலம் கட்டும் தரகர்கள் இருக்கிறார்கள். அந்தக் காய் கலப்பின வீரியக் கொடியில் வந்ததாக இருந்தால் அடுத்த தலைமுறை ஒரே மாதிரி காய்க்காது. பொட்டலத்தில் முளைப்புத்திறன் இத்தனை சதவீதம் என்று பெரிதாக அச்சடித்திருப்பார்கள். எந்தக் கொடியில், எப்போது எடுத்தது என்று கேட்டுப் பாருங்கள், பதில் வராது. சிவப்பு, நீலம் என்று சாயம் ஏறியிருந்தால் அது பெரும்பாலும் மருந்து பூசிய விதை. வெறுங்கையால் அள்ளாதீர்கள், குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள். சாயம் என்பது தரச்சான்று இல்லை.

நெற்றைக் கொடியிலேயே காயவிடுங்கள் என்பதுதான் பொது விதி. மழை வந்தால் மட்டும் அது செல்லாது. நனைந்த நார் லேசில் காயாது, உள்ளே இருக்கும் விதை பூஞ்சணம் பிடிக்கும், இல்லாவிட்டால் கூட்டுக்குள்ளேயே முளைவிடும். ஆகவே மழைக்கு முன் பறித்துவிட வேண்டும். ஆனால் எதை? தோல் மஞ்சளாகி, காம்பும் வாடத் தொடங்கிய காயை மட்டும். அது கூரைக்கடியில் காற்றாடத் தொங்கினாலும் உள்ளே விதை முற்றிவிடும். முழுப் பச்சையாக இருப்பதைப் பறித்துத் தொங்கவிட்டால் வெள்ளையாகச் சுருங்கிய பதர்தான் மிஞ்சும். அப்படிப்பட்ட காய் கொடியிலேயே நனையட்டும், பச்சைத் தோலுக்குள் மழை இறங்காது.

உங்கள் இரண்டாவது காய் மஞ்சளாகிறது என்கிறீர்கள். இன்றைக்கே அதன் கீழ்நுனியை மூடும்படி மெல்லிய துணிப்பை ஒன்றைத் தளர்வாகக் கட்டுங்கள். பிளாஸ்டிக் பை வேண்டாம், உள்ளே வியர்த்துவிடும். தோல் முழுக்கப் பழுப்பாகி, குலுக்கினால் கலகலவென்று சத்தம் வந்ததும் பையோடு சேர்த்து அறுத்தெடுத்து, நுனி மேலே பார்க்கும்படி வையுங்கள்.