பின்னாடி ஸ்டெர்லிங்னு போடாத பழைய அமெரிக்க வெள்ளி ஸ்பூன், வாங்கலாமா?

கேள்வி: நாங்க பிலடெல்பியா பக்கத்துல இருக்கோம். இங்க ஒரு எஸ்டேட் சேல்ல (ஒரு வீட்டுச் சாமானையெல்லாம் மொத்தமா விக்கறது) ஆறு டீஸ்பூனும் ஒரு பெரிய சூப் கரண்டியும் பாத்தேன். ஸ்பூன் பின்னாடி ஆர் அண்ட் டபிள்யூ வில்சன்னு பேர் இருக்கு, கரண்டில காயின்னு மட்டும் இருக்கு, ஸ்டெர்லிங்னு எங்கயுமே காணோம். கூடவே 1847 ராஜர்ஸ் பிரதர்ஸ்னு போட்ட ஒரு பெட்டி செட், அதுதான் எல்லாத்தையும் விட பழசுன்னு விக்கிறவர் சொல்றாரு. எதை வாங்கறது, எடை போட்டு விலை பேசலாமா, வாங்கினா சாப்பிட யூஸ் பண்ணலாமா?

பதில்: முதல்ல அந்த ராஜர்ஸ் பெட்டிய ஓரமா வச்சிடுங்க. 1847ங்கறது ஸ்பூன் செஞ்ச வருஷம் இல்ல, பிராண்டு பேர்லயே வர்ற நம்பர், 20ஆம் நூற்றாண்டுல செஞ்ச செட்லயும் அதேதான் இருக்கும். உள்ள வேற உலோகம், மேல வெள்ளி முலாம். தினசரி மேஜைக்கு நல்ல சாமான்தான், ஆனா வெள்ளி விலை குடுத்துடாதீங்க.

வில்சன் ஸ்பூனும் கரண்டியும் வேற விஷயம். ஸ்டெர்லிங்ங்கற தர முத்திரை போடலைங்கறது குறையே இல்ல, அதுதான் அதோட வயசைச் சொல்லுது. 19ஆம் நூற்றாண்டோட முதல் பாதியில அமெரிக்காவுல வீட்டு வெள்ளி பெரும்பாலும் காசோட தரத்துலதான் செஞ்சாங்க. அப்ப அங்க வெள்ளிச் சுரங்கம்னு சொல்லிக்கற மாதிரி எதுவும் இல்ல, கைல இருந்தது ஸ்பானிஷ், மெக்சிகன் டாலர் காசுங்க (ஸ்பானிஷ் டாலர் 1857 வரைக்கும் அங்க சட்டப்படியே செல்லுபடி), அதை தட்டான்கிட்ட குடுத்து உருக்கி ஸ்பூன் அடிச்சு வாங்கிக்கறது சாதாரணம். அதனாலதான் காயின் சில்வர்னு பேரு. 1837ல இருந்து அமெரிக்க காசுல 1000க்கு 900 பங்கு வெள்ளி, அதுக்கு முன்னாடி 892 சொச்சம். ஸ்டெர்லிங் 925. பாத்தா வித்தியாசம் 1000க்கு 25 பங்குதான், ஸ்டெர்லிங் இல்லேன்னா மட்டம்னு யாராவது சொன்னா கண்டுக்காதீங்க. 1859ல நெவாடால காம்ஸ்டாக் சுரங்கம் கிடைச்சு வெள்ளி கொட்ட ஆரம்பிச்சுது, 1868ல கோர்ஹம்ங்கற பெரிய வெள்ளிச் சாமான் கம்பெனி ஸ்டெர்லிங்குக்கு மாறுச்சு, அப்புறம் மத்தவங்களும் அந்தப் பக்கம் போயிட்டாங்க. அதனால காயின் சில்வர்னா ஏறக்குறைய 1870க்கு முந்தினதுன்னு வச்சுக்கலாம். ஒண்ணு மட்டும், ஒவ்வொரு ஸ்பூனும் காசை உருக்கி செஞ்சதுன்னு நம்பிடாதீங்க, பின்னாடி அது வெறும் தரத்தோட பேரா ஆயிடுச்சு.

முத்திரை விஷயத்துல இங்கிலாந்து வெள்ளி பாத்துப் பழகினவங்கதான் ரொம்ப குழம்புவாங்க. அங்க தரம் சோதிச்சு முத்திரை குத்தணும்னு சட்டமே உண்டு, அமெரிக்காவுல நாடு முழுக்க அப்படி ஒண்ணு கிடையாது, பால்டிமோர் நகரத்துல மட்டும் 1814ல இருந்து 1830 வரைக்கும் கட்டாயமா இருந்துச்சு. மத்த ஊர்ல தட்டான் தன் பேரை குத்துவான், அந்தப் பேருதான் உத்தரவாதம். சில பேரு பக்கத்துல கழுகு, தலை, நட்சத்திரம்னு சின்னச் சின்ன முத்திரையும் குத்தியிருப்பாங்க, இங்கிலாந்து முத்திரை மாதிரி தெரியணும்னு போட்டது, அதுக்கு சட்டப்படி அர்த்தம் எதுவும் இல்ல. போலின்னு பயப்படவும் வேண்டாம், லண்டன் சரக்குன்னு ஏமாறவும் வேண்டாம். வில்சன் உங்க ஊர்க்காரங்களேதான், பிலடெல்பியால 1820கள்ல இருந்து தொழில் பண்ணின பட்டறை, அவங்க சாமான் அங்க நிறையவே கிடைக்கும், அதனால அபூர்வம்னு விலை ஏத்தினா ஒத்துக்காதீங்க.

பேர் இருந்தா அவங்கதான் செஞ்சாங்கன்னும் சொல்ல முடியாது. 1840, 50கள்ல நியூயார்க், பாஸ்டன், பிலடெல்பியா பட்டறைங்க மொத்தமா செஞ்சு அனுப்புவாங்க, உள்ளூர் கடிகாரக் கடைக்காரர் தன் பேரை குத்தி விப்பாரு. தென் மாநிலங்கள்ல இது ரொம்ப உண்டு, ஆனாலும் சார்ல்ஸ்டன், லெக்சிங்டன் மாதிரி ஊர் பேர் இருந்தா பழைய வெள்ளி சேக்கறவங்க ரெண்டு மூணு மடங்கு குடுக்கத் தயாரா இருப்பாங்க, அந்த ஊர் சரக்கு கம்மியாதான் மிஞ்சியிருக்கு. பீட்டர் பென்ட்சன்னு ஒருத்தர், அடிமையா இல்லாம சுதந்திரமா இருந்த கருப்பினத் தட்டான், பிலடெல்பியாவுலயும் கரீபியன்ல செயின்ட் குரோய் தீவுலயும் வேலை பாத்தவரு, அவர் முத்திரை போட்ட சாமான் விரல் விட்டு எண்ணலாம். பிலடெல்பியா பக்கம் தேடறவங்க பி பென்ட்சன்னு எழுத்து கண்ணுல பட்டா கொஞ்சம் நின்னு பாருங்க, அந்தப் பேரு இன்னும் பல பேருக்குத் தெரியாதுங்கறது எனக்கு நிஜமாவே வருத்தம். பால் ரிவியர் (அமெரிக்க விடுதலைப் போர் காலத்து பிரபலமான பாஸ்டன் தட்டான்) பேர் இருந்தா மட்டும் நேர் எதிர், போலி அத்தனை சுத்துது, பெரிய மியூசியம் ஆளோ ஏலக் கம்பெனி ஆளோ பாக்காம காசு நீட்டாதீங்க.

இனி கையில எடுத்துப் பாக்கற வேலை, விலை இங்கதான் முடிவாகுது. ஸ்பூன் குழியை மேல இருந்து நேரா பாருங்க, நுனி ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வளைஞ்சிருக்கா? வலது கைல பிடிச்சு கிண்ணத்தை சொரண்டிச் சொரண்டி இடது ஓரம் தேய்ஞ்சு, குழி ஒரு பக்கமா சாய்ஞ்ச மாதிரி இருக்கும். லேசா இருந்தா பரவால்ல, 180 வருஷம் சாப்பிட்ட ஸ்பூன். நுனி தட்டையாகி ஓரம் கத்தி மாதிரி ஆயிருந்தா விட்டுடுங்க, அதை யாராலயும் திருப்பிக் கொண்டுவர முடியாது. டீஸ்பூன் குழியில குட்டிக் குட்டி பள்ளம் இருந்தா பெரும்பாலும் குழந்தை கடிச்ச பல் தடம், நல்ல தட்டான் உள்ளிருந்து தட்டி எடுத்துடுவாரு. அப்புறம் லைட்டுக்கு நேரா பிடிங்க, விரிசல் இருந்தா குழி ஓரத்துலயும் கைப்பிடி கழுத்துலயும் வெளிச்சக் கோடா தெரியும்.

கைப்பிடில எழுத்து செதுக்கியிருக்கிற இடத்துல வாயால ஊதுங்க, ஆவி படியும்போது பழைய எழுத்தை அழிச்ச இடம் தனியா திட்டு மாதிரி தெரியும், விரலால அழுத்தினா அந்த இடம் மெலிசா இருக்கும். எழுத்து இருக்கறதால வாங்க மாட்டேன்னு சொல்றவங்க இருக்காங்க, நான் அப்படியே எதிர்ப்பக்கம், மூணு எழுத்து முக்கோணமா இருந்தா மேல குடும்பப் பேரு, கீழ புருஷன் பொண்டாட்டி பேரோட முதல் எழுத்து, அதை அழிச்சுட்டா ஸ்பூன்ல இருந்த வீடே போயிடுது.

கரண்டியில முக்கியமா குழியும் கைப்பிடியும் சேர்ற இடம். அங்க மங்கலா சாம்பல் நிறத்துல வழிஞ்ச மாதிரி இருந்தா ஈயம் வச்சு ஒட்டின ரிப்பேர், அது பக்கத்துல வெள்ளியையும் அரிச்சிடும், விலை பாதிக்கு கீழ கேளுங்க. குழியில பழம், பூ எல்லாம் புடைச்சு, அடியில மட்டும் பழைய பிலடெல்பியா பேர் இருந்தா, சாதா டேபிள்ஸ்பூனை பின்னாடி அலங்காரம் பண்ணினதா இருக்கும், அந்த மாதிரியும் வேண்டாம்.

ஆசிட் டெஸ்ட் பண்ணவே பண்ணாதீங்க, தழும்பு விழுந்துடும். காந்தம் ஒட்டலைன்னாலும் வெள்ளின்னு அர்த்தம் இல்ல, முலாம் பூசின நிறைய சாமான்லயும் ஒட்டாது. குழியோட அடிப்பக்கம், மேஜைல படற இடத்துல, முலாமா இருந்தா மஞ்சளாவோ செம்பு நிறமாவோ எட்டிப் பாக்கும், அதைப் பாத்தாலே பாதி தெரிஞ்சிடும்.

எடை போடறது அடிமட்ட விலை தெரிஞ்சுக்க மட்டும். ஆறு டீஸ்பூன் சேர்ந்து 90 கிராம்னா, அதுல 0.9 பங்கு, 81 கிராம் சுத்த வெள்ளி, 31.1ஆல வகுத்தா 2.6 ட்ராய் அவுன்ஸ் (வெள்ளி விலை சொல்ற அளவு, ஒண்ணு 31.1 கிராம்), அன்னிக்கு வெள்ளி விலையால பெருக்குங்க. அதுக்குக் கீழ யாரும் குடுக்க மாட்டாங்க. அதுக்கு மேல எவ்வளவுங்கறதை பேரும் நிலைமையும்தான் சொல்லும். வெள்ளி விலை ஏறும்போதெல்லாம் இந்த ஸ்பூனுங்கதான் முதல்ல உலைக்குப் போகுது, 1980ல விலை அவுன்ஸுக்கு 50 டாலர் கிட்ட போனப்ப ஏகப்பட்டது உருகிப் போச்சு. டீஸ்பூன் எல்லா வீட்லயும் இருந்ததால இன்னும் மலிவாவே கிடைக்குது, முள்கரண்டி ரொம்பக் கம்மி, ஏன்னா அந்தக் காலத்து வீடுங்கள்ல எலும்புப் பிடி போட்ட இரும்பு முள்கரண்டிதான் அதிகம். கரண்டி, மீன் எடுக்கற தட்டைக் கரண்டி, சர்க்கரை இடுக்கி இதெல்லாம் வீட்டுக்கு ஒண்ணுதான் இருந்திருக்கும், அதனால உங்க இடத்துல நான் இருந்தா, ஒட்டு சரியா இருந்தா அந்த சூப் கரண்டிய முதல்ல வாங்குவேன், ஸ்பூன்ல நுனி நல்லா இருக்கறதை மட்டும் தனியா குடுப்பாங்களான்னு கேப்பேன்.

சாப்பிட தாராளமா யூஸ் பண்ணுங்க, சாம்பாருக்கும் ரசத்துக்கும் கூட, கழுவாம போட்டு வைக்காம இருந்தா போதும். டிஷ்வாஷர் கூடாது, முட்டை பட்டா கருக்கும், உப்பு பட்டா அரிக்கும், உப்பு ஸ்பூன் குழியில தங்கமுலாம் பூசினதே அதுக்குத்தான். முக்கி எடுக்கற கெமிக்கல் வேண்டாம், செதுக்கின கோட்டுல இருக்கற கருப்பையும் சேத்து எடுத்துட்டு ஸ்பூன் வெளிறிப் போயிடும், மென்மையான சில்வர் க்ரீமும் பஞ்சும் போதும், அதையும் முத்திரை மேல அழுத்தித் தேய்க்காதீங்க. எடுத்து வைக்கும்போது ரப்பர் பேண்டு போட்டு கட்டாதீங்க, அதுல இருக்கற கந்தகம் கருப்புக் கோடா பதிஞ்சு, சமயத்துல பாலிஷ் போட்டாலும் போகாது.