வாசகர் கேள்விகள்: ஒரே ஆல்பத்தோடு கடையைச் சாத்தியவர்கள்

கேள்வி: கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டனும் பாடகர் ஸ்டீவ் வின்வுட்டும் சேர்ந்து ஆரம்பித்த 'பிளைண்ட் ஃபெய்த்' ராக் குழு ஒரே ஆல்பத்தோடு நின்றுபோனது ஏன்? சண்டையா?

பதில்: நன்றாகச் சண்டை போடுகிற அளவுக்குக்கூட அவர்கள் சேர்ந்து இருக்கவில்லை. 1968 நவம்பரில் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் கடைசியாக வாசித்துவிட்டு கிளாப்டனின் முந்தைய குழுவான 'கிரீம்' கலைந்தது. அந்தச் சத்தமும் சச்சரவும் கிளாப்டனுக்கு அலுத்துப்போயிருந்தன. 'டிராஃபிக்' குழுவின் வின்வுட்டோடு ஒரு கிராமத்து வீட்டில் உட்கார்ந்து நிதானமாக வாசித்துக்கொண்டிருந்தார். அங்கே அழைக்காமலே வந்து நின்றார் கிரீமின் டிரம்மர் ஜிஞ்சர் பேக்கர். வின்வுட்டுக்குச் சந்தோஷம். கிளாப்டனுக்கோ, எதை விட்டு ஓடிவந்தோமோ அதுவே வாசற்படி ஏறிவிட்டதே என்ற தயக்கம். பேஸ் கிட்டாருக்கு 'ஃபேமிலி' குழுவிலிருந்து ரிக் கிரெச் வந்தார்.

1969 ஜூன் 7, ஹைட் பார்க்கில் முதல் கச்சேரி. இலவசம். ஒரு லட்சம் பேர் திரண்டார்கள் என்பார்கள். ஜூலையில் அமெரிக்கா. அங்கே கூட்டம் பழைய கிரீம் பாட்டைக் கேட்டுக் கத்தியது, இவர்களும் வாசித்தார்கள். புதுக்கடை திறந்து பழைய சரக்கை விற்ற கதைதான். கிளாப்டனின் மனசு, தங்களுக்கு முன்னால் மேடையேறிய 'டெலனி அண்ட் பானி' குழுவின் பக்கம் சாய்ந்துவிட்டது. ஆகஸ்ட் 24, ஹவாயோடு பயணம் முடிந்தது. ஆல்பம் பிரிட்டன், அமெரிக்கா இரண்டிலும் முதலிடத்துக்கு வந்தபோது, குழு பெயருக்குத்தான் இருந்தது.

கேள்வி: ஆல்பத்தில் ஆறே பாட்டுதானாமே! எதை முதலில் கேட்கலாம்?

பதில்: 'கான்ட் ஃபைண்ட் மை வே ஹோம்'. மூன்றேகால் நிமிடம், அக்கூஸ்டிக் கிட்டார், உச்சத்தில் மிதக்கும் வின்வுட் குரல். பிறகு 'பிரசன்ஸ் ஆஃப் த லார்ட்'. எழுதியது கிளாப்டன், பாடியது வின்வுட். நடுவில், கிட்டாரை 'வா-வா' என்று பேசவைக்கும் பெடலை மிதித்துக்கொண்டு கிளாப்டன் பாய்வார்.

'ஹேட் டு க்ரை டுடே'யை மட்டும் ஹெட்போனில் கேளுங்கள், இரண்டு காதும் வேலை செய்கிற ஹெட்போனில். கல்லூரிக் காலத்தில் என்னுடையதில் வலது காது செத்துப்போயிருந்தது. பாட்டின் கடைசியில் கிட்டார் விட்டுவிட்டு ஒலிக்கும். 'இந்த மௌனம்தான்யா கிளாப்டன்' என்று அறை நண்பர்களுக்கு விளக்கவுரையே நடத்தியிருக்கிறேன். இரண்டு வருஷம் கழித்து வேறொருவர் ஹெட்போனை மாட்டினால், அந்த மௌனத்தில் எல்லாம் வலப்பக்கம் கிட்டார் பொரிந்துகொண்டிருக்கிறது! அறை நண்பர்களிடம் இதை இன்னும் சொல்லவில்லை.

'சீ ஆஃப் ஜாய்' பாட்டில் கிரெச்சின் வயலின் உண்டு. கடைசிப் பாட்டு பேக்கருடையது, 15 நிமிடம், ஐந்து எண்ணிக்கைத் தாளம், ஆளுக்கொரு தனி ஆவர்த்தனம். தனி தொடங்கியதும் எழுந்துபோகிற ரகமல்ல நான். இதில் எழுந்திருக்கிறேன். கையில் பாட்டு போதவில்லை என்பது இங்கேதான் காதில் விழுகிறது.

கேள்வி: 'பிளைண்ட் ஃபெய்த்' என்ற பெயர் யார் வைத்தது?

பதில்: புகைப்படக்காரர் பாப் சைட்மன். ஆல்பம் அட்டைக்கு எடுத்த படத்துக்கு அவர் வைத்த தலைப்பு அது. பெயரில்லாமல் இருந்த குழு அதையே எடுத்துக்கொண்டது. படத்தில் இருந்தது மேலாடையில்லாத சிறுமி. ஆட்சேபம் கிளம்பவே, அமெரிக்காவில் நால்வரின் போட்டோ போட்ட வேறு அட்டையும் வந்தது. என்னிடம் இருப்பது அந்த போட்டோ அட்டைதான். மாற்றிக்கொள்ளும் உத்தேசமில்லை.