வங்கித் திருடர்கள் ஏன் முதலில் பிரிண்டரை அமுக்குகிறார்கள்?

கேள்வி: நிஜமாகவே நடந்த, நம்பவே முடியாத ஹேக்கிங் சம்பவங்கள் என்னென்ன? மதுரை மாதிரி ஊரில் கடை வைத்திருக்கிறவர்களுக்கு அதில் தெரிந்துகொள்ள ஏதாவது இருக்கிறதா?

எனக்குப் பிடித்த சம்பவத்தில் முக்கிய பாத்திரம் ஒரு பிரிண்டர்.

டாக்காவில் பங்களாதேஷ் மத்திய வங்கியின் 10-வது மாடியில் இருந்தது அது. வங்கிகள் ஒன்றுக்கொன்று பண உத்தரவு அனுப்பிக்கொள்ளும் ஸ்விஃப்ட் என்ற வலையமைப்பு வழியாக வெளிநாட்டு வங்கிகளுக்குப் போகிற, வருகிற ஒவ்வொரு செய்தியையும் காகிதத்தில் அடித்துத் தள்ளுவதுதான் அதன் வேலை. 2016 பிப்ரவரி 5, வெள்ளிக்கிழமை காலை அதில் ஒரு தாளும் இல்லை. பிரிண்டர் என்றால் மக்கர் பண்ணத்தானே செய்யும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். முந்தின நாள் இரவே அந்த வங்கியின் பெயரில், அதன் டாலர் கணக்கு இருந்த நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் வங்கிக்கு 35 உத்தரவுகள் போயிருந்தன. மொத்தம் 95 கோடியே 10 லட்சம் டாலர்.

திருடர்கள் வங்கியின் கம்ப்யூட்டர்களுக்குள் நுழைந்தது 2015 ஜனவரியில், வேலை கேட்டு வந்த ஒரு ஈமெயில் வழியாக. அதற்குப் பிறகு ஒரு வருடம் சத்தமே காட்டவில்லை. ஸ்விஃப்ட் மென்பொருளின் ஒரு கோப்பில் அவர்கள் மாற்றியது வெறும் இரண்டு பைட்டுகள். 75, 04 என்று இருந்ததை 90, 90 ஆக்கியிருந்தார்கள். ‘சோதனையில் தேறாவிட்டால் வெளியே போ’ என்ற கட்டளை ‘ஒன்றும் செய்யாதே’ என்று ஆகிவிட்டது. வாசலில் காவலாளி நிற்கிறார், ஆனால் யாரையும் தடுக்க மாட்டார். பிரிண்டருக்குப் போக வேண்டிய உறுதிச் செய்திகளை அதே நச்சு நிரல் பூஜ்ஜியங்களாக அழித்துக்கொண்டிருந்தது.

நாள் பார்த்த லட்சணம்தான் இதில் உச்சம். வெள்ளியும் சனியும் டாக்காவில் வார விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை டாக்கா திறக்கும்போது நியூயார்க் மூடியிருக்கும். பணத்தின் பெரும்பகுதி போக வேண்டிய பிலிப்பைன்ஸ் தலைநகர் மணிலாவில் திங்கட்கிழமை சீனப் புத்தாண்டு விடுமுறை. ஆக நான்கு நாள்.

அப்படியும் முழுசாகக் கிடைக்கவில்லை. இலங்கைக்குப் போன 2 கோடி டாலரில், பெறுபவர் பெயரில் ‘ஃபவுண்டேஷன்’ என்ற சொல்லின் எழுத்துப் பிழையைப் பார்த்து இடையில் இருந்த டாய்ச்சு வங்கி விளக்கம் கேட்டது. அதோடு அது நின்றது. மணிலாவில் பணம் போக வேண்டிய வங்கிக் கிளை இருந்த தெருவின் பெயர் ஜூபிடர். தடைப் பட்டியலில் இருந்த ஒரு ஈரானியக் கப்பலின் பெயரும் அதுவே. சம்பந்தமே இல்லாத அந்தப் பெயர்ப் பொருத்தம் நியூயார்க்கில் எச்சரிக்கையைக் கிளப்ப, மீதி உத்தரவுகளைத் தோண்டத் தொடங்கினார்கள். 30 உத்தரவுகள் நின்றன. மணிலாவுக்குப் போன 8 கோடியே 10 லட்சம் டாலரை மட்டும் பிடிக்க முடியவில்லை. அது சேர்ந்த கணக்குகள் 2015 மே மாதமே ஆளுக்கு 500 டாலர் போட்டுத் திறக்கப்பட்டவை. ஒன்பது மாதம் தூங்கின. பிறகு பணம் சூதாட்ட விடுதிகளில் கரைந்தது. அந்நாட்டுக் கறுப்புப் பணத் தடுப்புச் சட்டம் அப்போது சூதாட்ட விடுதிகளைத் தொடவில்லை.

இதெல்லாம் எங்கோ நடந்தது என்று நினைக்க வேண்டாம். சரியாக இரண்டு வருடம் கழித்து, 2018 பிப்ரவரியில், கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சிட்டி யூனியன் வங்கியில் துபாய், துருக்கி, சீனா என்று மூன்று திசைக்கு மூன்று ஸ்விஃப்ட் உத்தரவுகள் போயின. கிட்டத்தட்ட 20 லட்சம் டாலர். பிப்ரவரி 6 இரவு ஸ்விஃப்ட் பிரிண்டர் முடக்கப்பட்டிருந்தது. மறுநாள் காலை கணக்கை ஒப்பிட்டுப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. துபாய்க்குப் போன 5 லட்சம் டாலர் நியூயார்க்கிலேயே மறிக்கப்பட்டது. தினமும் காலையில் கணக்கு ஒத்துப் பார்க்கும் பழக்கம் இருந்ததால் ஒரே நாளில் பிடிபட்டது என்பதைக் கவனியுங்கள்.

தலைகீழாகவும் ஒன்று உண்டு. 2020-இல், ஊரடங்குக் காலத்தில், பண்ருட்டியில் ஸ்டேட் வங்கிக் கிளை என்றே போர்டு இல்லாத குறையாக ஒரு போலிக் கிளை சுமார் மூன்று மாதம் நடந்தது. கம்ப்யூட்டர், செலான், முத்திரை எல்லாம் உண்டு. அது அம்பலமானது ஒரு வாடிக்கையாளர் அங்கே வாங்கிய ரசீதை நிஜக் கிளை மேலாளரிடம் காட்டியபோது. அங்கேயும் காட்டிக்கொடுத்தது ஒரு துண்டுச் சீட்டுதான்.

சரி, மதுரைக் கடைக்கு வருவோம். திருடனுக்குப் பணத்தை விட முதலில் வேண்டியது நேரம். உங்களிடம் “பணம் போகிறது” என்று சொல்லக்கூடியது எதுவோ, அதன் வாயைத்தான் முதலில் அடைப்பான். உங்கள் பிரிண்டர் எது?

பெரும்பாலானவர்களுக்கு அது எஸ்எம்எஸ். வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை, டிராபிக் அபராதச் செலான் என்ற பெயரில் வரும் கோப்பின் கடைசியில் ‘ஏபிகே’ என்று இருந்தால் அது படமோ பிடிஎஃப்போ இல்லை, ஒரு செயலி. பத்திரிகைக்கு எஸ்எம்எஸ் படிக்கும் அனுமதி எதற்கு? கொடுத்துவிட்டால் ஓடிபி அவனுக்குப் போகும், பணம் கழிந்த செய்தி உங்கள் கண்ணில் படாமல் மறையும். தெரியாமல் நிறுவிவிட்டால் செய்ய வேண்டிய வரிசை முக்கியம். முதலில் வைஃபையையும் டேட்டாவையும் அணையுங்கள். சிம்மைக் கழற்றி ஒரு பட்டன் போனில் போடுங்கள், இனி எஸ்எம்எஸ் அங்கே வரும். அதிலிருந்தே வங்கியைக் கூப்பிட்டு யுபிஐ, நெட் பேங்கிங், கார்டு மூன்றையும் நிறுத்தச் சொல்லுங்கள். பாஸ்வேர்டு மாற்றுவதை வேறொரு போனில் செய்யுங்கள். அதே போனில் மாற்றினால் புதியதையும் அவன் பார்ப்பான். செயலியை நீக்கும் பட்டன் மங்கலாக இருந்தால், செட்டிங்ஸில் ‘டிவைஸ் அட்மின்’ பட்டியலில் அதன் டிக்கை எடுத்துவிட்டு நீக்குங்கள். அதன் பிறகும் நான் அந்த போனை நம்ப மாட்டேன். படங்களை எடுத்துவைத்துக்கொண்டு ஃபேக்டரி ரீசெட் போட்டுவிடுவது நல்லது.

போன் செட்டிங்ஸில் ‘கால் ஃபார்வர்டிங்’ பகுதியையும் திறந்து பாருங்கள். எப்போதும், பிஸியாக இருக்கும்போது, எடுக்காதபோது, தொடர்பில் இல்லாதபோது என்று நான்கு இருக்கும். தெரியாத செல் எண் ஏதாவது உட்கார்ந்திருந்தால் அணைத்துவிடுங்கள். ஓடிபியைக் குரலிலும் சொல்வார்கள் என்பதால் இது முக்கியம்.

பக்கத்துக் கடைக்காரரின் அதே நெட்வொர்க் ஓடும்போது உங்கள் போனில் மட்டும் சிக்னல் போனால், உங்கள் பெயரில் வேறு சிம் வாங்கப்பட்டிருக்கலாம். 2022 இறுதியில் வந்த தொலைத்தொடர்புத் துறை உத்தரவுப்படி, மாற்றிய சிம்முக்கு முதல் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் போகக்கூடாது. அந்த ஒரு நாள் உங்களுடையது. “டவர் பிரச்சினையாக இருக்கும்” என்று அதைத் தூங்கிக் கழிக்காதீர்கள்.

அடுத்தது சவுண்ட் பாக்ஸ். தீபாவளிக்கு முந்தைய வாரம் விளக்குத்தூண் பக்கம் ஒரு துணிக்கடையில் நின்று பாருங்கள். பக்கத்துக் கடைப் பெட்டி கத்துகிறதா, நம் பெட்டி கத்துகிறதா என்றே தெரியாது. பச்சை டிக் காட்டி, நிஜச் செயலி மாதிரியே சத்தமும் போடும் போலி யுபிஐ செயலிகள் அந்த இரைச்சலுக்காகவே செய்யப்பட்டவை. வாடிக்கையாளர் நீட்டும் திரை கணக்கில் சேராது. கல்லாவில் இருப்பவர் பார்க்க வேண்டியது கடையின் போனை மட்டும். கியூஆர் அட்டையைக் கடை மூடும்போது உள்ளே எடுத்து வையுங்கள். 2025 ஜனவரியில் கஜுராஹோவில் பல கடைகளின் கியூஆர் மேல் இரவோடு இரவாக வேறு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போனார்கள். காலையில் பணம் செலுத்தும் திரையில் வேறு பெயர் வந்ததால்தான் தெரிந்தது. தினமும் திறந்தவுடன் நீங்களே ஸ்கேன் செய்து பெயரைப் பாருங்கள், ஐந்து விநாடி வேலை.

மொத்த வியாபாரம், ஏற்றுமதி செய்கிறவர்களுக்குப் பிரிண்டர் ஈமெயில்தான். திருடன் பாஸ்வேர்டைப் பிடித்ததும் பணத்தைத் தொட மாட்டான். ஒரு விதி எழுதி வைப்பான்: ‘இன்வாய்ஸ்’, ‘பேமென்ட்’ என்ற சொல் உள்ள மெயில் எல்லாம் யாரும் திறக்காத ஃபோல்டருக்குப் போகட்டும் என்று. அவுட்லுக்கில் பெரும்பாலும் ‘ஆர்எஸ்எஸ் ஃபீட்ஸ்’ ஃபோல்டர், அந்த ஆர்எஸ்எஸ் இல்லை. விதியின் பெயர் வெறும் ஒரு புள்ளியாக இருக்கும். பிறகு உங்கள் பெயரில் “வங்கிக் கணக்கு மாறிவிட்டது” என்று எழுதுவான். வாங்குபவர் சந்தேகப்பட்டுக் கேட்கும் பதில் மெயில் உங்களை எட்டவே எட்டாது. பாஸ்வேர்டு மாற்றினாலும் அந்த விதி அழியாது என்பதுதான் பலர் கோட்டை விடும் இடம். ஜிமெயில் என்றால் செட்டிங்ஸில் ‘ஃபில்டர்ஸ்’, ‘ஃபார்வர்டிங்’ இரண்டையும் பாருங்கள். கணக்கு எண் மாறினால் பழைய போன் எண்ணுக்குப் பேசி உறுதிசெய்யுங்கள், அந்த மெயிலில் இருக்கும் எண்ணுக்கு அல்ல. நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் அனுப்புமுன் பெறுபவரின் பெயரைக் காட்டும் வசதியை 2025 ஏப்ரலுக்குள் தரச் சொல்லி ரிசர்வ் வங்கி உத்தரவிட்டிருக்கிறது. அந்தப் பெயரைப் படியுங்கள்.

போலீஸ் என்று சொல்லி வீடியோ காலில் மிரட்டிப் பணம் பறிக்கும் ‘டிஜிட்டல் கைது’ என்பதில் வாய் அடைக்கப்படுவது மனிதருக்கே. 2024-இல் லூதியானாவின் 80 வயது தாண்டிய ஜவுளித் தொழிலதிபர் ஒருவரை வீடியோ காலில் காவலில் வைத்து, உச்ச நீதிமன்றம் போலவே ஒரு போலி விசாரணை நடத்தி, 7 கோடி ரூபாய் பறித்தார்கள். “வீட்டில் யாரிடமும் சொல்லக்கூடாது” என்பதுதான் அந்த நாடகத்தின் உயிர்நாடி. அப்படியொரு கைது எந்தச் சட்டத்திலும் இல்லை. புகார் போனபின் 5 கோடியே 25 லட்சம் மீண்டது.

பணம் போய்விட்டால் சைபர் மோசடிக்கான உதவி எண் 1930. அழைக்குமுன் தேதி, நேரம், தொகை, உங்கள் வங்கி, 12 இலக்க யுடிஆர் எண் (அந்தப் பரிமாற்றத்தின் அடையாள எண்) ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். இதற்குத் தடுமாறுவதில்தான் பாதி நேரம் போகிறது. அங்கிருந்து தகவல் பணம் சேர்ந்த வங்கிக்குப் போகும். அங்கே இருந்தால் பிடித்துவைப்பார்கள், நகர்ந்திருந்தால் அடுத்த வங்கிக்குத் தட்டிவிடுவார்கள். ஒரு மணி நேரத்தில் பணம் நாலைந்து கணக்கு தாண்டிவிடும் என்பதால்தான் இந்த அவசரம். கிடைக்கும் ஒப்புகை எண்ணை வைத்து 24 மணி நேரத்துக்குள் தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் முழுப் புகாரையும் பதிய வேண்டும். உங்கள் வங்கிக்கும் தனியாக எழுத்தில் சொல்லுங்கள். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கைப்படி, ஓடிபியை நீங்களே கொடுத்திருந்தால்கூட, தகவல் சொன்ன நேரத்துக்குப் பிறகு போகும் பணம் வங்கியின் பொறுப்பு. தவறு உங்கள் பக்கமும் இல்லை, வங்கி பக்கமும் இல்லை என்றால், 3 வேலை நாளுக்குள் சொன்னவருக்கு இழப்பே கிடையாது. நீங்கள் சொன்ன நேரத்துக்குச் சாட்சியாக ஈமெயிலோ முத்திரை போட்ட நகலோ கையில் இருக்கட்டும்.

பொங்கலுக்குக் கடையை மூடிவிட்டு ஊருக்குப் போகிறவர்கள் அந்த நாட்களுக்கு யுபிஐ, நெட் பேங்கிங் வரம்பைக் குறைத்துவிட்டுப் போங்கள். இங்கே வங்கிகளுக்குப் பொங்கல், திருவள்ளுவர் தினம், உழவர் திருநாள் என்று வரிசையாக மூன்று நாள் விடுமுறை, சனி ஞாயிறு ஒட்டினால் ஐந்து. 1930 மட்டும் அந்த ஐந்து நாளும் எடுப்பார்கள்.